கோரை உறங்கிய தறை

அத்தான்,

இன்று காலை கிணற்றடி வாழைக்குக் கொத்திக்கொண்டிருந்தபோது மண்வெட்டி முனையில் ஒரு கோரைக்கிழங்கு இரண்டாகப் பிளந்தது. அந்த வாசம் உங்களுக்குத் தெரியும். பழைய மருந்துக்கடைக்குள் நுழைந்தால் வருமே, அந்த வாசம். அதோடு கொஞ்சம் ஈரமண். மண்வெட்டியை அப்படியே போட்டுவிட்டு வரம்பில் இருந்து வாய்விட்டுச் சிரித்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் நின்ற பெட்டை "அன்ரிக்கு என்னவோ செய்யுது" என்று தாயிடம் ஓடியது. ஓடட்டும். முப்பது வருடமாகத் தனியாகச் சிரித்துப் பழகியவள் நான்.

உங்களுக்கு ஒரு செய்தி வைத்திருக்கிறேன். உங்கள் இரத்தத்தில் இருந்தது எனக்கும் தொற்றிவிட்டதா இல்லையா என்று தெரியாமலே போனீர்களே, அதற்குப் பதில் போன செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது. உடனே சொல்ல மாட்டேன். எந்தக் கடிதம் வந்தாலும் கடைசி வரியை முதலில் வாசிக்கிற பழக்கம் உங்களுக்கு. இந்த ஒருமுறையாவது மேலிருந்து ஒழுங்காக வாசித்து வாருங்கள். இனி உங்களுக்கு என்ன அவசரம்?

எண்பத்தெட்டில் கப்பல் வேலையை விட்டு நீங்கள் இணுவிலுக்கு வந்து இறங்கியபோது எனக்கு இருபத்தெட்டு வயது. கூட்டுறவுச் சங்கக்கடையில் சீனியும் மாவும் நிறுத்துக்கொண்டிருந்தேன். மாமி மகனுக்குத்தான் இவள் என்று என் பதினாறு வயதிலேயே பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். நீங்களோ கப்பலுக்கு மேல் கப்பலாக ஏறிக்கொண்டிருந்தீர்கள். "உவள் கப்பல்காரனைப் பாத்துக்கொண்டிருந்தே நரைக்கப் போறாள்" என்று சாமான் வாங்க வந்த பெண்கள் என் காதுபடவே கதைத்தார்கள். ஆகவே நீங்கள் ஒரு தகரப் பெட்டியும் ரேடியோவுமாக வந்து இறங்கிய கிழமை, அவர்களுக்கெல்லாம் நான் மாவைக் கொஞ்சம் மிடுக்காகவே நிறுத்துக் கொடுத்தேன்.

நீங்கள் மெலிந்திருந்தீர்கள். ஏதோ ஒரு துறைமுகத்தில் மூன்று கிழமை காய்ச்சல், தொண்டைப் புண், கழுத்தில் நெறி கட்டியது என்றீர்கள். அதற்குப் பிறகு கப்பல் கொம்பனி வீட்டுக்கு அனுப்பிவிட்டதாம். காய்ச்சலுக்கு யாராவது ஆளை வீட்டுக்கு அனுப்புவார்களா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வந்ததே போதும் என்று இருந்தது.

வந்த கையோடு ஒரு மண்டலம் கீரிமலைக்குப் போனீர்கள். விடிய வெள்ளன சைக்கிளில் போய்க் கேணியில் முங்கி, நகுலேஸ்வரத்தில் கும்பிட்டுவிட்டு வெயில் ஏறமுன் திரும்புவீர்கள். அதோடு நாட்டு வைத்தியரின் கசாயம் வேறு. "ராசகுமாரியின்ரை குதிரைமுகமே மாறின தண்ணியெல்லோ, எனக்கு மட்டும் மாறாதோ?" என்று கேட்டீர்கள். கடல் வெயிலில் கறுத்துப்போன முகத்தைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைத்து, "உந்த முகத்துக்குக் கேணி காணாது, முழுக் கடலும் வேணும்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தீர்கள். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பு கொஞ்சம் கூடிப்போன சிரிப்புத்தான்.

மண்டலம் முடிய உடம்பு தேறிவிட்டது. நெறி வற்றிவிட்டது. ஒரு மூடை உருளைக்கிழங்கைத் தனியாளாகத் தூக்கிச் சைக்கிளில் வைத்தீர்கள். "எனக்கு வந்தது போயிட்டுது" என்று மாமியிடம் சொன்னீர்கள். எல்லாரும் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். ஆவணியில் கலியாணத்துக்கு நாள் வைத்தார்கள்.

அதற்குள் உங்களுக்குத் தோட்ட ஆசை பிடித்தது. கொழும்பில் இருந்த சித்தப்பாவின் நாலு பரப்புத் தோட்டத் தறை சும்மா கிடந்தது. கேட்டதும் "செய்யடா, உனக்கில்லாததே" என்று எழுதிவிட்டார். நல்ல செம்மண். வெயிலில் காய்ந்து ஒரு புல்லுப் பூண்டு இல்லாமல் கூட்டிவிட்ட முற்றமாகக் கிடந்தது. சுற்றிவர இத்தனை தோட்டக்காரர் இருக்க, இந்த ஒரு தறையை மட்டும் ஏன் ஒருவரும் கேட்கவில்லை என்று பதினெட்டு வயதில் கப்பலேறிய உங்களுக்குத் தோன்றவில்லை. சங்கக்கடைக்காரி எனக்கும் தோன்றவில்லை. உழவு மெசின் பிடித்து இரண்டு முறை உழுதீர்கள். பாத்தி கட்டி வெங்காயம் நட்டு, முதல் தண்ணீர் இறைத்தீர்கள்.

மூன்றாம் நாள் நான் தேத்தண்ணி கொண்டு வந்தபோது தறை முழுவதும் பச்சையாக இருந்தது. "வெங்காயம் என்ன வேகமாய் வளருது!" என்று நான் வியந்ததை நீங்கள் சாகும்வரை சொல்லிச் சிரித்தீர்கள். அது வெங்காயம் அல்ல. ஊசி ஊசியாகக் கோரை. களை பிடுங்க வந்த அன்னப்பிள்ளை அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, உதிலை கோரை கிடக்கெண்டு ஊருக்கே தெரியும். உழவு மெசினை விட்டு ஒண்டைப் பத்தாய் வெட்டிப் பரப்பிப் போட்டியள்."

"மேலை ஒண்டும் இல்லையே, அக்கா?"

"மேலை இல்லைத்தான். கீழை நித்திரை. நீங்கள் தண்ணி காட்டினியள், எழும்பிட்டுதுகள்."

இரண்டு கிழமை பிடுங்கினீர்கள். பிடுங்கிய இடத்தில் நாலாம் நாள் மறுபடி நின்றது. நான் கேலி செய்தேன். நீங்கள் திருப்பிக் கேலி செய்யவில்லை. அப்போதே எனக்கு ஒருமாதிரி இருந்தது. அந்தக் கிழமை முடிவில் மாமி அழுதுகொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கலியாணம் வேண்டாம் என்று நீங்கள் சொல்லிவிட்டீர்களாம்.

நான் அழவில்லை. தேத்தண்ணிச் செம்பை எடுத்துக்கொண்டு நேரே தறைக்கு வந்தேன். வரம்பில் குந்தியிருந்தீர்கள்.

"பன்னிரண்டு வருசம் இல்லாத விருப்பமின்மை இப்ப எங்கையிருந்து வந்தது? முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ."

நீங்கள் ஒரு கோரையை வேரோடு கிளறி எடுத்துக் காட்டினீர்கள். நூல் போன்ற வேரில் மூன்று கிழங்குகள் கோத்தபடி தொங்கின. "இதைப் பாரும். இது கிடக்கெண்டு தெரிஞ்சோ நான் நட்டனான்? தறை எவ்வளவு துப்பரவாய்க் கிடந்தது."

"நான் கலியாணத்தைக் கேக்கிறன். நீங்கள் கோரையைச் சொல்லுறியள்."

"இரண்டும் ஒண்டுதான்."

பிறகு சொன்னீர்கள். காய்ச்சலுக்குப் பின் கப்பல் கொம்பனி எடுத்த இரத்தச் சோதனை, எயிட்ஸ் என்ற சொல், பெட்டியின் அடியில் ஒளித்த ஆங்கிலக் கடிதம். அந்தத் துறைமுகத்து டொக்டர் உங்களைப் பிடித்து இருத்திச் சொன்னாராம், "நீ நல்லாய் இருப்பாய். நல்லாய் இருக்கிறதை நம்பாதை. அது உள்ளுக்குப் படுத்திருக்கும்." வருத்தக்காரன் எப்படி நல்லாக இருக்க முடியும் என்று உங்களுக்கு விளங்கவில்லை. நெறி வற்றி உடம்பு தேறியதும் கீரிமலையில் கழுவிவிட்டேன் என்றே நினைத்துவிட்டீர்கள். "இப்ப விளங்குது," என்றீர்கள் அந்தக் கிழங்குகளைப் பார்த்தபடி.

எயிட்ஸ் என்பதைப் பேப்பரில் எப்போதோ ஒரு மூலையில் வாசித்திருந்தேன். எங்களுக்கு வராத வருத்தம் என்றுதான் நினைத்திருந்தேன். பயமும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்தது கோபம்.

"விளங்காமல் போயிருந்தால்? ஆவணியிலை தாலியைக் கட்டிப் போட்டு, பிறகு நானெல்லோ விளங்கியிருப்பன்! எனக்கொரு சொல் சொல்லத் தோன்றேல்லையே உங்களுக்கு?"

செம்பை வரம்பில் குத்தினேன். தேத்தண்ணி முழுவதும் உங்கள் சாரத்தில் கொட்டியது. நீங்கள் அசையவே இல்லை. "சுடேல்லை," என்றீர்கள். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்ததை உங்களுக்குக் காட்டக்கூடாது என்று திரும்பி நடந்தேன்.

பத்து நாள் உங்களோடு கதைக்கவில்லை. அந்தப் பத்து நாளில் ஊர் மிட்வைஃப் அக்காவைச் சங்கக்கடையின் பின்பக்கம் மறித்து, "எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆளுக்கு" என்று தொடங்கினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். யார் என்று கேட்கவில்லை. ஒரு கிழமை கழித்து எங்கெங்கோ விசாரித்துக்கொண்டு வந்து, சாக்கு மூடைகளுக்கு நடுவில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். ஒரே கோப்பையில் குடித்தால் வராது. ஒரே கிணற்றில் குளித்தால் வராது. இரத்தத்தால் வரும், படுக்கையால் வரும், தாயிடமிருந்து பிள்ளைக்கு வரும். "உறை இருக்குப் பிள்ளை. ஒவ்வொரு முறையும் ஒழுங்காய்ப் பாவிச்சால் சேர்ந்து வாழலாம். பிள்ளை மட்டும் இல்லையெண்டு வைச்சுக்கொள்ளும். அந்த உம்மடை ஆளுக்குச் சொல்லும், அவசரப்படாமல் யோசிக்கச் சொல்லி."

நான் யோசித்தேன். பிள்ளை இல்லை என்பதைத்தான் கூட நேரம் யோசித்தேன். பிறகு தறைக்கு வந்தேன்.

"ஆவணியிலை கலியாணம் நடக்கும். ஆனால் இனி ஒண்டும் ஒளிக்கக்கூடாது. காய்ச்சல் வந்தாலும் சொல்லவேணும், பயம் வந்தாலும் சொல்லவேணும்."

"உமக்கென்ன விசரே?"

"ஓம், விசர்தான். பன்னிரண்டு வருசம் காத்திருந்தவளுக்கு வேறை என்ன வரும்?"

நீங்கள் அழுதீர்கள். சாரத்தில் அன்றைய தேத்தண்ணிக் கறை இன்னும் போகாமல் இருந்தது.

இனி வருவதுதான் எனக்குப் பிடித்த பகுதி. மிட்வைஃப் அக்காவிடம் குடும்பக் கட்டுப்பாட்டுச் சாமான் வாங்குகிறவர்களைப் பதிகிற ஒரு புத்தகம் இருந்தது. அதில் எத்தனை பிள்ளைகள் என்று ஒரு கட்டம். புதுச் சோடிக்கு, ஒரு பிள்ளையும் இல்லாதவர்களுக்கு மாதாமாதம் இத்தனை உறை ஏன் என்று மேலிடத்தில் கேட்பார்களே? அக்கா துணிந்து "இரண்டு" என்று எழுதிவிட்டார். மூத்தது பெண், இளையது ஆண். ஒரு பக்கம் மாமியின் சிநேகிதிகள் எனக்குப் பிள்ளை வரம் வேண்டிக் கந்தசுவாமி கோயிலில் தொட்டில் கட்டிக்கொண்டிருக்க, மறுபக்கம் அரசாங்கப் புத்தகத்தில் எங்கள் இரண்டு பிள்ளைகளும் கொழுகொழுவென்று வளர்ந்தார்கள். அக்கா எங்கள் வீட்டுப் படலையைத் திறக்கும்போதே நீங்கள் கேட்பீர்கள், "அக்கா, எங்கடை மூத்தவளுக்குப் பல்லு முளைச்சிட்டுதோ?" அவரும் முகம் மாறாமல், "முளைச்சிட்டுது. இளையவனுக்குத்தான் கொஞ்சம் சளி" என்பார். ஒருநாள் நீங்கள் மூத்தவளுக்குப் பெயரும் வைத்தீர்கள். அந்தப் பெயரை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. இங்கேயும் எழுதமாட்டேன்.

தொண்ணூறில் பொருளாதாரத் தடை வந்தது. சவர்க்காரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பற்றறி இல்லை. சில மாதங்களில் அக்காவின் பையும் வெறுமையாக வரும். அப்போது நீங்களே உங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு விறாந்தைக்குப் போய்விடுவீர்கள். "சாமான் வருமட்டும் நான் கப்பலிலை எண்டு நினையும்." நான் சில நாள் கெஞ்சினேன், சில நாள் கோபித்தேன். நீங்கள் கேட்கவில்லை. உங்கள் சவர அலகு சிவப்பு நூல் கட்டித் தனி ஆணியில் தொங்கியது. தோட்டத்தில் விரல் வெட்டுப்பட்டால் "கிட்ட வராதையும்!" என்று ஊர் கேட்கக் கத்துவீர்கள். மனிசனுக்கு மனிசியைக் கண்டாலே பிடிக்காது என்று அயலில் ஒரு கதை வேறு உலாவியது.

தறையை நீங்கள் விடவில்லை. கலியாணத்துக்கு அடுத்த போகம் ஒரு புதுத் திட்டம் போட்டீர்கள். "நடுறதுக்கு முதல் வெறும் தறைக்குத் தண்ணி விடுவம். படுத்திருக்கிற எல்லாம் எழும்பட்டும். எழும்பினவுடனை கொத்தி அள்ளுவம்." கேட்க நன்றாகத்தான் இருந்தது. தண்ணீர் விட்டீர்கள், எழும்பின, கொத்தி அள்ளினீர்கள். மறுபடி விட்டீர்கள், மறுபடி எழும்பின. மூன்றாம் முறை ஒன்றும் எழும்பவில்லை என்று துள்ளிக்கொண்டு வெங்காயம் நட்டீர்கள். ஒரு மாதத்தில் கோரை வந்து நின்றது. அன்னப்பிள்ளை அக்கா உச்சுக்கொட்டினார். "எல்லாம் ஒரே நாளிலை எழும்புமே? அடுத்த வருசத்துக்கெண்டு படுத்திருக்கிறதும் கிடக்கும்."

அத்தான், நீங்கள் கேட்டால் நம்பமாட்டீர்கள். இன்றைக்குப் பெரிய பெரிய ஆய்வுகூடங்களில் படித்தவர்கள் செய்து பார்ப்பது உங்கள் அந்தத் திட்டத்தைத்தான்.

தம்பியின் மகள், என் மருமகள், டொக்டராகிவிட்டாள். நீங்கள் போகும்போது பால்போத்தலோடு திரிந்தவள். போன வருடம் இந்த வருத்தத்துக்கான கிளினிக்கில் அவளுக்கு வேலை கிடைத்தது. அன்றுதான் உங்களைப் பற்றி அவளுக்குச் சொன்னேன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் குசினி அடுப்படியில்தான் வகுப்பு. அவள் சொன்னதை எனக்கு விளங்கியபடி உங்களுக்குச் சொல்கிறேன்.

எங்கள் உடம்பில் பழைய வருத்தங்களை நினைவில் வைத்திருக்கிற வெள்ளணுக்கள் இருக்கின்றனவாம். சின்ன வயதில் வந்த சின்னமுத்து திரும்பி வந்தால் அடையாளம் கண்டு அடிப்பதற்கென்று, அதுவரை வருடக்கணக்காக வேலையில்லாமல் ஓய்ந்து கிடக்கும். இந்தக் கிருமி போய் ஒளிப்பது அந்த அணுக்களுக்குள். ஒளிப்பது என்றால் சும்மா ஒரு மூலையில் ஒதுங்குவதல்ல. அணு எப்படி நடக்கவேண்டும் என்று அதற்குள்ளேயே எழுதிக் கிடக்கிறதே, அந்த எழுத்துக்கு நடுவில் தன் எழுத்தையும் செருகிவிடுகிறது. பிறகு அந்த அணு எது, கிருமி எது என்று பிரிக்கவே முடியாது. அணு ஓய்ந்திருக்கும்வரை அதுவும் ஓய்ந்திருக்கும். வெளியே ஒரு அடையாளமும் காட்டாது. ஆகவே உடம்பின் காவல்காரருக்கும் தெரியாது. மருந்து தடுப்பது கிருமி பெருகுவதைத்தான். படுத்திருப்பதை அது தொடாது. அதைவிட, அந்த அணு இரண்டாகப் பிரிந்தால் செருகிய எழுத்தும் இரண்டாகிவிடும். என்றோ ஒருநாள் அணு விழிக்கும்போது கிருமியும் எழும்பிப் பெருகத் தொடங்கும்.

அவள் சொல்லிக்கொண்டிருக்கையில் நான் குறுக்கிட்டேன். "அப்ப உது கோரையெல்லோ பிள்ளை? எல்லாத்தையும் எழுப்பிப் போட்டுக் கொல்லேலாதோ?"

அவள் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "மாமி, அதைத்தான் செய்து பாக்கினம். மருந்து குடுத்து எழுப்பினம். ஆனால் எல்லாம் எழும்புதில்லை. உங்களுக்கு ஆர் இதைச் சொன்னது?"

"உன்ரை மாமா. எண்பத்தொன்பதிலை."

எனக்கு வந்த பெருமையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

முற்றாகச் சுகம் வந்தவர்கள் உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் இருக்கிறார்களாம். அவர்களுக்கு இரத்தப் புற்றுநோயும் இருந்ததால் எலும்புக்குள் இரத்தம் ஊறுகிற மச்சையையே மாற்றி, இந்தக் கிருமி நுழைய முடியாத வகை அணு உள்ளவர்களிடமிருந்து எடுத்து வைத்தார்கள். அந்த வைத்தியத்திலேயே ஆள் போய்விடக்கூடும், எல்லாருக்கும் செய்கிற வேலையில்லை என்றாள் மருமகள். மற்றவர்களுக்கு மருந்துதான். சில பேருக்கு நாளுக்கு ஒரே ஒரு குளிசை. அது கிருமியைப் பெருக விடாது. விட்டால் சில கிழமையில் திரும்ப வந்துவிடும்.

தொண்ணூறில் நாங்கள் கடைசியாகச் செய்ததும் அதுதானே? பசளை இல்லை, பம்புக்கு மண்ணெண்ணெய் இல்லை, வெங்காயம் சரிவராது என்று தறை முழுவதும் வாழை வைத்தீர்கள். வாழை நிழல் விழுந்த இடத்தில் கோரை அடங்கிவிட்டது. கிழங்கு கீழே கிடந்தது, மேலே வரவில்லை. "இனி உதோடை சண்டை பிடிக்கிறேல்லை. அதின்ரை பாட்டிலை அது கிடக்கட்டும், என்ரை பாட்டிலை நான் வாழை வெட்டுறன்" என்றீர்கள். முதல் குலையைத் தோளில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோனீர்கள்.

இப்போது ஒழுங்காகக் குளிசை எடுத்து, இரத்தத்தில் கிருமி தெரியாத அளவுக்கு அடங்கிவிட்டால், படுக்கையால் மற்றவருக்குத் தொற்றாதாம். பிள்ளையும் பெறலாமாம், சுகமான பிள்ளை. அதை அவள் சொன்னபோது நான் எழும்பிப் போய்ப் பாத்திரம் கழுவினேன். அவளும் பின்னால் வந்து துடைத்துத் துடைத்து வைத்தாள். உங்களுக்கு அந்தக் குளிசை கிடைக்கவில்லையே என்று எனக்கு ஆறவே இல்லை அத்தான். நீங்கள் கொஞ்சம் முந்திப் போய்விட்டீர்கள்.

தொண்ணூற்று மூன்றில் நடந்ததற்கு வருகிறேன். வாழைக்குலையோடு வந்த சைக்கிள் ஒழுங்கை முகப்பில் சறுக்கி, உங்கள் முழங்கை கிழிந்து இரத்தம் ஓடியது. நான் ஓடிவந்து இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தேன். யோசிக்கவே இல்லை. நீங்கள் "விடும், விடும்!" என்று கத்திய பிறகுதான் என் கையைப் பார்த்தேன். அன்று காலை அரிவாளில் வெட்டுப்பட்ட பெருவிரலில் சுற்றியிருந்த துணி எங்கோ விழுந்திருந்தது.

அதற்குப் பிறகு நீங்கள் பட்ட பாடு! நான் தும்மினால் பார்த்தீர்கள். இருமினால் பார்த்தீர்கள். நித்திரையில் என் கழுத்தைத் தடவி நெறி கட்டியிருக்கிறதா என்று தேடினீர்கள். "எனக்குக் கூச்சம்" என்று நான் கையைத் தட்டிவிட்டேன். "நான் நல்லாத்தானே இருக்கிறன்" என்றால், "நல்லாய் இருக்கிறதை நம்பாதையும்" என்று அந்த டொக்டரின் வசனத்தை எனக்கே திருப்பிச் சொன்னீர்கள். அப்போது யாழ்ப்பாணத்தில் அந்தச் சோதனையை எங்கே, யாரிடம் கேட்பது? கொழும்புக்குப் போகிற பாதையும் பாதையாக இல்லை.

தொண்ணூற்றைந்து மாசியில் நெஞ்சுச்சளி உங்களைக் கொண்டுபோனது. ஊருக்கு அது கசநோய். அப்படியே இருக்கட்டும் என்றீர்கள். கடைசிக் கிழமையில் மூச்சு வாங்க வாங்க, "பாதை திறந்தவுடனை இரத்தத்தைச் சோதியும். சத்தியம் பண்ணும்" என்றீர்கள். "ஓம்" என்றேன். நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்களுக்குச் சாகப் பயமிருக்கவில்லை. எனக்குத் தந்துவிட்டேனோ என்ற பயம் மட்டும் கடைசிவரை இருந்தது. நல்லவேளை, அந்த வருடக் கடைசியில் சண்டைக்குப் பயந்து ஊரே எழும்பி நடந்ததை நீங்கள் பார்க்கவில்லை.

சத்தியத்தை நான் காப்பாற்றவில்லை. இடம்பெயர்ந்து திரிந்தேன் என்று ஒரு காரணம். அந்தச் சோதனையைக் கேட்டால் ஏன் என்று கேட்பார்கள், உங்கள் பெயர் வெளியே வரும் என்று இன்னொன்று. உண்மையான காரணம் இரண்டுமில்லை. இருக்கிறது என்று சொன்னால், நீங்கள் ஏழு வருடம் பட்ட பாடு வீணாகிவிடும். அதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. நான் நல்லாக இருந்தேன். நல்லாக இருப்பதை நம்பக்கூடாது என்று நீங்கள்தானே பழக்கினீர்கள்? அப்படியே அறுபத்தைந்து வயதாகிவிட்டது.

மருமகளுக்கு விஷயம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். "முப்பது வருசம் மருந்தில்லாமல் இப்பிடி வாழை கொத்திக்கொண்டு நிக்கேலாது மாமி, அநேகமாய் இல்லை. ஆனால் நீங்கள் நிம்மதியாய் இருக்கவேணும், அதுக்காக எண்டாலும் வாங்கோ." ஒரு வருடம் சாட்டுச் சொன்னேன். போன செவ்வாய் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போய்விட்டாள். விரலில் குத்தினாள். அதோடு விடாமல் ஊசியிலும் எடுத்து அனுப்பினாள். பின்னேரம்வரை கிளினிக் வாசல் வாங்கில் குந்தியிருந்தேன். கந்தசுவாமியை எத்தனை தரம் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது.

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தாள். "இல்லை மாமி. ஒண்டும் இல்லை."

இல்லை, அத்தான். அன்றைக்குப் பொத்திப் பிடித்த கையால் வரவில்லை. ஏழு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் வரவில்லை. நான் குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதேன். இதைக் கேட்டால் நீங்கள் எப்படி மூச்சு விட்டிருப்பீர்கள் என்று நினைத்துத்தான் அழுதேன். மருமகள் ஒரு ரோல்ஸும் தேத்தண்ணியும் வாங்கித் தந்தாள். இரண்டையும் மிச்சம் விடாமல் சாப்பிட்டேன்.

இந்த உடம்பில் சீனி இருக்கிறது, பிறசர் இருக்கிறது, முழங்கால் நோவும் இருக்கிறது. எல்லாம் நானே தேடிக்கொண்டது. உங்களிடமிருந்து ஒரு துளியும் வரவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு விறாந்தைக்குப் போய்ப் போய் நீங்கள் காப்பாற்றிய உடம்பைத்தான் இத்தனை வருடமும் சுமந்து திரிந்திருக்கிறேன், அது தெரியாமலே. மற்றவர்கள் கடிதத்தின் முதல் வரியில் எழுதுவதை நான் கடைசியில் எழுதுகிறேன்.

அத்தான், நான் சுகம்.